பெருகித் திரும்பும் அலை

நுழையும்முன்

ஒரு பொருளின் மீது மோதித் திரும்பும் அலை, சென்றதைவிட வலுக்குறைந்தே திரும்பும் என்பது அன்றாட அனுபவம். கருந்துளையோ தன்னிடம் வருவதை விழுங்கிவிடும் பொருள் எனப் பெயர்பெற்றது. அத்தகைய கருந்துளையை நோக்கிச் சென்ற அலை, சென்றதைவிடப் பெரிதாகித் திரும்பக்கூடும் என்று இருபதாம் நூற்றாண்டின் இயற்பியல் கண்டறிந்தது. அதற்கு வேண்டுவன இரண்டு. கருந்துளை சுழல வேண்டும். அது விழுங்கும் இயல்புடையதாகவும் இருக்க வேண்டும். முதல் நிபந்தனை எளிதில் விளங்கும். விழுங்கும் இயல்பு எவ்வாறு வழங்கும் இயல்பாகிறது என்பதை விளக்குகிறது இப்பாடம்.

எதிரொலியின் கணக்கு

ஆழ்ந்த கிணற்றின் விளிம்பில் நின்று குரல் கொடுத்தால் அக்குரல் திரும்பி வரும். திரும்பிய குரல், கொடுத்த குரலைவிட மெலிந்திருக்கும். கிணற்றுச் சுவர் ஒலியாற்றலில் ஒரு பங்கை உட்கவர்ந்து வெப்பமாக்கிக் கொள்கிறது, எஞ்சியதே எதிரொலி. வழவழப்பான கற்சுவர் சற்றுக் கூடுதலாகத் திருப்பித் தரும். பஞ்சு பொதிந்த சுவர் மிகக் குறைவாகத் தரும். ஆயினும், எந்தச் சுவரும் பெற்றதைவிட மிகுதியாகத் தருவதில்லை. அவ்வாறு தருமாயின், அந்த மிகுதி எங்கிருந்து வந்தது என்னும் வினாவை ஆற்றல் அழிவின்மை விதி எழுப்பும்.

இந்தக் கணக்கின்படி பார்த்தால், திருப்பித் தருவதில் கருந்துளையே கடைநிலையில் நிற்க வேண்டும். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு 1915ஆம் ஆண்டு நிறைவு பெற்றது. அதன் சமன்பாடுகளுக்கு மறு ஆண்டே கார்ல் ஷ்வார்ஸ்சில்டு ஒரு தீர்வை வெளியிட்டார். ஒரு பொருளின் நிறை முழுவதும் மிகச்சிறிய ஆரத்துக்குள் ஒடுங்கிவிட்டால் அதனைச் சூழ்ந்து ஓர் எல்லை உருவாகும். சூரியனின் நிறைக்கு அந்த ஆரம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். அவ்வெல்லையைக் கடந்து உள்ளே சென்ற ஒளியும் வெளியே வாராது. இதனை நிகழ்வு எல்லை என்பர். நிகழ்வு எல்லையைத் தொட்ட அலை போனதே. தொடாமல் அருகில் வளைந்து சென்ற அலை மட்டுமே சிதறி வெளிப்படும்.

கருந்துளையைத் தட்டிப் பார்த்தவர்

கருந்துளையை நோக்கி ஓர் அலையை அனுப்பினால் திரும்பி வருவது எவ்வாறு இருக்கும்? பெங்களூரில் பிறந்து, அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்த சி. வி. விஸ்வேஸ்வரா இவ்வினாவை எடுத்துக்கொண்டார். சுழலாத கருந்துளையின் மீது ஈர்ப்பு அலைத்துடிப்பு ஒன்றைக் கணினிக் கணக்கின் வழியே மோதச் செய்தார். 1970ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய கட்டுரை, சிதறிய அலை தனக்கே உரிய ஒரு சுருதியில் ஒலித்து விரைந்து அடங்குவதைக் காட்டியது. தட்டிய மணி நாதம் எழுப்பி ஓய்வதைப் போன்றது அது. 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகள் முதன்முதலாக உணர்ந்த ஈர்ப்பு அலையின் இறுதிப் பகுதி அவர் கணித்த அதே வகையில் அடங்கியது. அதைக் காணும் பேறும் அவருக்கு வாய்த்தது; அவர் மறைந்தது 2017ஆம் ஆண்டில்.

விஸ்வேஸ்வரா ஆராய்ந்த கருந்துளை சுழலாதது. விண்ணில் சுழலாத பொருளைக் காண்பது அரிது. நியூசிலாந்தைச் சேர்ந்த கணிதவியலாளர் ராய் கெர், சுழலும் கருந்துளைக்கான தீர்வை 1963ஆம் ஆண்டு கண்டறிந்திருந்தார். அத்தீர்வு புதிய ஒன்றைச் சொன்னது. சுழலும் கருந்துளை தன்னைச் சூழ்ந்த வெளியையே இழுத்துச் சுழற்றுகிறது. நிகழ்வு எல்லைக்கு வெளியே ஒரு பகுதி உண்டு; அங்கே எந்தப் பொருளும் அசையாது நிற்க இயலாது. எவ்வளவு ஆற்றலுடன் எதிர்த்தாலும் கருந்துளை சுழலும் திசையில் சுழன்றே ஆகவேண்டும். அதே நேரத்தில், அப்பகுதி நிகழ்வு எல்லைக்கு வெளியே இருப்பதால் அங்கிருந்து தப்பி வருதலும் இயலும். வேலை என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்கு ‘எர்கோ மண்டலம்’ எனப் பெயரிட்டனர்.

பெயருக்குக் காரணம் உண்டு. எர்கோ மண்டலத்துக்குள் சென்ற ஒரு துகள் இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு தக்க பாதையில் கருந்துளைக்குள் விழுந்தால், மற்றொரு துண்டு முழுத் துகள் கொண்டு சென்றதைவிட மிகுந்த ஆற்றலுடன் வெளியேறக்கூடும் என ரோஜர் பென்ரோஸ் 1969ஆம் ஆண்டு காட்டினார். மிகுதியான ஆற்றலின் விலையைக் கருந்துளையின் சுழற்சி செலுத்துகிறது. அது சற்றே மெதுவாகிறது. கருந்துளையிலிருந்து ஆற்றலைப் பெறலாம் என்பதே அன்று பெருவியப்பு. துகளுக்குப் பொருந்துவது அலைக்கும் பொருந்துமா என்பது அடுத்து எழுந்த வினா.

மாஸ்கோவில் ஓர் உருளை

அவ்வினாவுக்கான விடை கருந்துளையிலிருந்து தொடங்கவில்லை. ஓர் உலோக உருளையிலிருந்து தொடங்கியது. அதைத் தொடங்கி வைத்தவர் யாகோவ் செல்டோவிச். 1914ஆம் ஆண்டு மின்ஸ்க் நகரில் பிறந்த இவர், கல்லூரிப் பட்டம் எதுவும் பெறாமல் 1931ஆம் ஆண்டு லெனின்கிராடு ஆய்வகம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தவர். எரிதல், வெடிப்பு, அணுக்கரு எனப் பல துறைகளில் உழைத்து, சோவியத் அணுகுண்டுத் திட்டத்திலும் பங்காற்றியபின், ஐம்பது வயதை நெருங்கும் காலத்தில் விண்ணியலின் பக்கம் திரும்பினார். பொறியியல் பட்டறையின் மணம் அவருடைய சிந்தனையில் இறுதிவரை இருந்தது. வெளியின் வளைவை ஆராயும் இடத்திலும் அவருக்குச் சுழலும் உலோகத் துண்டு நினைவுக்கு வந்ததற்கு அதுவே காரணமாகலாம்.

1971ஆம் ஆண்டு அவர் எழுதிய குறுங்கட்டுரையின் கருத்து இது: வெற்றிடத்தில் ஓர் உலோக உருளை தன் அச்சில் சுழல்கிறது. அதன்மீது மின்காந்த அலை ஒன்று முறுக்கிய வடிவில் வந்து விழுகிறது. உருளை மெதுவாகச் சுழன்றால் அலையில் ஒரு பங்கை உட்கவரும். குறிப்பிட்ட வேகத்தைக் கடந்து சுழன்றால் உட்கவர்தல் நின்று, அலை பெருகித் திரும்பும். உலோகத்துக்குப் பதிலாகக் கருந்துளையை வைத்தாலும் இதுவே நிகழும். ஏனெனில் உலோகம் தன் மின்தடையால் உட்கவர்கிறது. கருந்துளை தன் நிகழ்வு எல்லையால் உட்கவர்கிறது.

இதன் உட்பொருளை விளக்கச் சிறுவர் பூங்காவில் கையால் தள்ளிச் சுற்றும் ராட்டினம் போதும். ஒருவர் ராட்டினத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு அதனுடன் வட்டமாக ஓடுகிறார் எனக் கொள்வோம். ராட்டினத்தைவிட அவர் விரைந்தோடினால் அதைத் தள்ளுகிறார். ராட்டினம் வேகம் பெறும், அவர் களைப்பார். ராட்டினம் அவரைவிட விரைந்து சுழன்றாலோ அது அவரை இழுத்துக்கொண்டு போகும். அவர் வேகம் பெறுவார், ராட்டினம் தளரும். இரு நிலையிலும் பிடி ஒன்றே. ஆற்றல் செல்லும் திசைதான் மாறுகிறது. இனி, விளிம்பில் எண்ணெய் பூசிப் பிடி வழுக்குமாறு செய்தால் என்ன ஆகும்? அவரால் ராட்டினத்துக்கு எதையும் தர இயலாது. அதனிடமிருந்து எதையும் பெறவும் இயலாது.

அலைக்கும் பொருளுக்கும் இடையே உள்ள அந்தப் பிடியே உட்கவர்தல். முற்றிலும் வழவழப்பான, எதையும் உட்கவராத ஓர் உருளை எவ்வளவு விரைந்து சுழன்றாலும் அலையைப் பெருக்காது. அசையாதிருக்கும்போது எது அலையை விழுங்குகிறதோ, அதுவே விரைந்து சுழலும்போது அலைக்கு வழங்குகிறது. எதையும் விடாமல் விழுங்கும் நிகழ்வு எல்லை அலையின் மீது இறுகிய பிடி உடையதாதலின், பெருக்குவதற்கும் தகுதியுடையதாகிறது.

எந்த வேகத்தில் திசை மாறும்?

முறுக்கிய அலையைப் புரிகள் உடைய கயிறாகக் கருதலாம். நடுவிலிருந்து பார்த்தால் அலையின் முகடுகள் சில கரங்களாக விரிந்து அச்சைச் சுற்றி வரும். கரங்கள் நான்கு, அலையின் அதிர்வெண் நொடிக்கு 60 எனில், ஒரு சுற்று முடிவதற்குள் நான்கு முகடுகள் ஓரிடத்தைக் கடக்கும். ஆகவே அலையின் வடிவம் நொடிக்கு 15 முறை சுற்றும். அதிர்வெண்ணைக் கரங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அலைவடிவம் சுற்றும் வேகம் கிடைக்கும். பொருளின் சுழற்சி அவ்வேகத்துக்குக் குறைவாயின் அலை இழக்கும். மிகுதியாயின் அலை பெறும்.

இதனையே டாப்ளர் விளைவைக் கொண்டும் கூறலாம். சுழலும் பொருளின் மீது அமர்ந்து அலையைக் கேட்பவருக்கு, வேகம் கூடக் கூட அலையின் சுருதி தாழும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும்போது அதிர்வெண் சுழியாகும். அதற்கு மேலும் விரைந்தால், பேருந்தில் செல்பவருக்கு முந்தப்பட்ட மாட்டுவண்டி பின்னோக்கிப் போவதாகத் தோன்றுவதுபோல, அலையின் கரங்கள் எதிர்த்திசையில் சுற்றுவதாகத் தோன்றும். கணிதத்தில் இது எதிர்மறை அதிர்வெண் எனப்படும். எதிர்மறையை உட்கவர்வது வழங்குவதாகும். கடனை ஏற்றுக்கொள்பவர் பொருள் ஈந்தவர் ஆவதுபோல.

செல்டோவிச் இத்துடன் நிற்கவில்லை. குவாண்டம் இயற்பியலின்படி வெற்றிடம் முற்றிலும் வெறுமை அன்று. அங்கும் மிக மெல்லிய துடிப்புகள் உண்டு. சுழலும் பொருள் அத்துடிப்புகளையும் பெருக்குமாயின், வெளியிலிருந்து அலை எதுவும் அனுப்பப்படாமலே சுழலும் கருந்துளை கதிர்வீச வேண்டும். அமெரிக்க இயற்பியலாளர் கிப் தார்ன் இதனை முதலில் நம்பவில்லை. 1973ஆம் ஆண்டு மாஸ்கோ சென்ற ஸ்டீபன் ஹாக்கிங், செல்டோவிச்சையும் அவருடைய மாணவர் அலெக்ஸி ஸ்டாரோபின்ஸ்கியையும் சந்தித்து இக்கருத்தைக் கேட்டார். அவர்களுடைய கணக்கு முறை அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஊர் திரும்பித் தாமே கணக்கிட்டார். சுழலும் கருந்துளை மட்டுமன்றிச் சுழலாத கருந்துளையும் கதிர்வீசும் என்னும் முடிவு அவரையே திகைக்கச் செய்தது. 1974ஆம் ஆண்டு வெளிவந்த அம்முடிவே இன்று ஹாக்கிங் கதிர்வீச்சு என வழங்குகிறது. புகழ்பெற்ற அம்முடிவுக்கு வழிதிறந்தது, பெரிதும் பேசப்படாத ஓர் உலோக உருளை.

எவ்வளவு பெருகும்?

கருந்துளையால் அலை எவ்வளவு பெருகும் என்பதைச் சால் டியுகோல்ஸ்கியும் வில்லியம் பிரஸ்ஸும் 1974ஆம் ஆண்டு கணக்கிட்டு வெளியிட்டனர். உச்ச வேகத்தில் சுழலும் கருந்துளையில் சிதறும் மின்காந்த அலையின் ஆற்றல் மிகுதியாக 4.4 விழுக்காடு கூடும். ஈர்ப்பு அலையின் ஆற்றலோ 138 விழுக்காடு வரை கூடும். அதாவது 100 பங்காகச் சென்றது 238 பங்காகத் திரும்பும். மிக எளிய வகை அலைக்கு இப்பெருக்கம் 0.3 விழுக்காடு மட்டுமே. வேறுபாட்டுக்குக் காரணம், அலைகளின் உள்ளமைப்புக்கு ஏற்பக் கருந்துளையைச் சூழ்ந்துள்ள தடையை ஊடுருவும் திறன் மாறுபடுவதே.

இவ்வாற்றல் முழுவதும் சுழற்சியிலிருந்தே வருகிறது. உச்ச வேகத்தில் சுழலும் கருந்துளையின் மொத்த ஆற்றலில் 29 விழுக்காடு வரை சுழற்சியாற்றலாகச் சேமிக்கப்பட்டிருக்கும். சூரியன் ஹைட்ரஜனை ஹீலியமாக்கும்போது நிறையில் 0.7 விழுக்காடே ஆற்றலாகிறது என்பதை நோக்க, இதன் பெருமை புலப்படும். இங்கே மற்றொரு நுட்பமும் உண்டு. சுழற்சியை வழங்கி நிறை குறைந்த நிலையிலும் கருந்துளையின் எல்லைப்பரப்பு குறைவதில்லை. 

தெரிந்து தெளிவோம்

லாகூரில் 1910ஆம் ஆண்டு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற 1983ஆம் ஆண்டிலேயே கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. சுழலும் கருந்துளையில் அலைகள் சிதறிப் பெருகுவதை அந்நூல் விரிவாக ஆராய்கிறது. எலக்ட்ரான் போன்ற துகள்களின் அலைகள் இவ்வாறு பெருகுவதில்லை என்பதும் அதில் காட்டப்படுகிறது. இரு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க இயலாது. ஆகவே ஒன்றாய்ச் சென்றது ஒன்றுக்கு மேலாகித் திரும்ப வழியில்லை.

சோதிக்க இயலுமா?

காகிதத்தில் உறுதிப்பட்ட இக்கருத்தை எவ்வாறு சோதிப்பது? 10 சூரியன்களின் நிறையுடைய கருந்துளை தன் உச்ச வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 1,600 முறை சுழலும். ஒரே கரமுடைய மின்காந்த அலை அங்குப் பெருக வேண்டுமாயின் அதன் அதிர்வெண் அதற்குக் குறைவாக இருத்தல் வேண்டும். அதன் அலைநீளம் ஏறத்தாழ 187 கிலோமீட்டருக்கு மேற்படும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியோ நொடிக்கு ஏறத்தாழ 500 லட்சம் கோடி முறை அதிர்வது. அது பெருகுவதற்கு வழியே இல்லை. மேலும், கருந்துளைக்கு அருகே சென்று அலை அனுப்பிப் பார்ப்பது மனிதரால் ஆகாதது.

மண்ணுலகில் செல்டோவிச்சின் உருளையைச் செய்து பார்ப்பதும் எளிதன்று. உருளை அலையின் அதிர்வெண்ணைவிட விரைந்து சுழல வேண்டும். வானொலி அலைகளே நொடிக்கு லட்சக்கணக்கில் அதிர்பவை. அவ்வேகத்தில் சுழற்றினால் எந்த உலோகமும் சிதறிப்போகும். இதனால் அவருடைய கருத்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் காகிதத்திலேயே இருந்தது. வழி திறந்தது, அலையை மாற்றியபோதுதான். பெருக்கத்துக்குத் தேவை ஒளியன்று. ஏதேனும் ஓர் அலை, அதனைவிட விரைந்த சுழற்சி, அவற்றுக்கிடையே ஒரு பிடி என்பதை ஆய்வாளர் உணர்ந்தனர்.

நீர்ச்சுழியில் ஒரு கருந்துளை

இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் சில்கே வைன்ஃபர்ட்னர் தலைமையிலான குழு நீரைத் தேர்ந்தெடுத்தது. 3 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உடைய தொட்டி. அதன் நடுவே 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளை. ஒரு பக்கத்திலிருந்து நீர் இடைவிடாது செலுத்தப்பட, துளை வழியே அது சுழன்று வடிந்தது. தொட்டியில் நீரின் ஆழம் 6 சென்டிமீட்டரைச் சற்றே கடந்தது. ஆற்றுச் சுழியைக் கண்டவர் எவருக்கும் இக்காட்சி புதிதன்று. சுழியின் மையத்தருகே நீர் உள்நோக்கிப் பாயும் வேகம் சிற்றலையின் வேகத்தை மிஞ்சும். அங்கே புகுந்த சிற்றலை மீளாது. அது நிகழ்வு எல்லைக்கு ஒப்பானது. அதற்குச் சற்று வெளியே நீர் சுழலும் வேகம் அலைவேகத்தை மிஞ்சும் வளையம் ஒன்று உண்டு. அது எர்கோ மண்டலத்துக்கு ஒப்பானது.

தொட்டியின் ஒரு முனையில் சிற்றலைகளை எழுப்பி, சாயம் கலந்த நீரின் மேற்பரப்பு ஏறி இறங்குவதைக் கருவிகளால் நுட்பமாக அளந்தனர். வந்த அலையையும் சிதறிய அலையையும் கரங்களின் எண்ணிக்கைவாரியாகப் பிரித்தெடுத்து ஒப்பிட்டனர். சுழியின் திசையிலேயே சுற்றும் அலைகள் பெருகித் திரும்பின. நொடிக்கு 3.7 முறை அதிரும் அலையில் பெருக்கம் 14 விழுக்காடு. அளவீட்டின் பிழை வரம்பு 8 விழுக்காடு. முடிவு 2017ஆம் ஆண்டு வெளியானது. பிழை வரம்பு பெரிது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. குலுங்கும் நீர்ப்பரப்பில் அலைகளை எண்ணுவதன் அருமையை அறிந்தோர் அதனைக் குறையாகக் கொள்ளார்.

நுரைப்பஞ்சும் ஒலியும்

நீர்ச்சுழி கருந்துளையின் சாயல். செல்டோவிச் சொன்ன, சுழலும் திண்பொருள் என்னும் சோதனை இன்னும் எஞ்சியிருந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மேரியன் கிராம்ப், டேனியலே ஃபாச்சோ முதலியோர் அதனை ஒலியைக் கொண்டு செய்தனர். ஒலியின் அதிர்வெண்ணைத் தாழ்வாக வைத்துக்கொள்ளலாம். சாதாரண மின்பொறியே அதைவிட விரைந்து சுழலும். ஒலிபெருக்கிகளை வட்டமாக அடுக்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சற்றே காலந்தாழ்த்தி ஒலிக்கச் செய்து, முறுக்கிய ஒலியலையை உருவாக்கினர். அலை சென்ற வழியில் நுரைப்பஞ்சால் ஆன வட்டத் தட்டு ஒன்று சுழன்றது. தட்டுடன் சேர்ந்து சுழலும் ஒலிவாங்கிகள் அதனைக் கடந்துவந்த ஒலியைப் பதிவு செய்தன.

நுரைப்பஞ்சு ஒலியை அடக்கும் பொருள். ஒலிப்பதிவுக் கூடங்களின் சுவரில் அது ஒட்டப்படுவதும் அதற்காகவே. தட்டின் வேகம் கூடக் கூட ஒலியின் சுருதி தாழ்ந்துகொண்டே வந்து, செவிக்கு எட்டாத நிலையை அடைந்தது. வேகம் மேலும் கூடியபோது ஒலி மீண்டும் எழுந்து, தொடக்கத்தில் இருந்த சுருதிக்கே வந்தது. ஆனால் இம்முறை முன்னினும் உரத்து ஒலித்தது. பெருக்கம் 30 விழுக்காடு வரை இருந்தது. பஞ்சை எடுத்துவிட்டு வேறெதையும் வைக்கவில்லை. ஒலியை அடக்கிய அதே பஞ்சு ஒலியை வளர்த்தது. 2020ஆம் ஆண்டு வெளிவந்த இம்முடிவு, செல்டோவிச் கூறிய நிபந்தனையைத் திண்பொருளில் முதன்முதலாக மெய்ப்பித்தது.

இயந்திர அறையில் மறைந்திருந்த விதி

எஞ்சியது மின்காந்த அலை. சவுத்தாம்ப்டன், கிளாஸ்கோ ஆய்வாளர்களும் இத்தாலிய ஆய்வாளர்களும் இணைந்து, மின்சுற்று ஒன்று உண்டாக்கிய தாழ்ந்த அதிர்வெண் காந்தப்புலத்தின் இடைவெளியில் அலுமினிய உருளையைச் சுழற்றினர். உருளை மெதுவாகச் சுழன்றபோது அது சுற்றுக்கு ஒரு தடையாக இருந்தது, ஆற்றலை உட்கவர்ந்தது. நிபந்தனையின் எல்லையைக் கடந்தபோது அத்தடை சுழியைத் தாண்டி எதிர்மறையாயிற்று. அதாவது உருளை சுற்றுக்கு ஆற்றலை வழங்கியது. 2024ஆம் ஆண்டு வெளிவந்த இவ்வாய்வு, வேறோர் உண்மையையும் சுட்டிக்காட்டியது.

தூண்டல் மின்னோடி என்னும் கருவி பலரும் அறிந்ததே. வயலில் நீர் இறைக்கும் மும்முனை மோட்டார் இவ்வகையைச் சார்ந்தது. நான்கு துருவ மோட்டாரில், 50 சுழற்சி மின்னோட்டம் உருவாக்கும் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றுகிறது. அதன் உள்ளே இருக்கும் சுழலி அதைவிடச் சற்றே பின்தங்கி, ஏறத்தாழ 1,440 முறை சுற்றும். அப்போது புலம் சுழலியை இழுக்கிறது, அது மோட்டார். காற்றோ வேறு விசையோ சுழலியை 1,500க்கு மேல் சுழற்றினால், ஆற்றல் செல்லும் திசை மாறிச் சுழலி புலத்துக்கு வழங்கத் தொடங்குகிறது, அது மின்னியற்றி. பழைய வகைக் காற்றாலைகள் பலவும் இவ்வாறே மின்சாரம் தந்தன. நொடிக்கு 50 அதிர்வுகளை இரு துருவ இணைகளால் வகுத்தால் 25. நொடிக்கு 25 சுற்று என்பது நிமிடத்துக்கு 1,500. அதிர்வெண்ணைக் கரங்களின் எண்ணிக்கையால் வகுக்கும் செல்டோவிச்சின் கணக்கும் இதுவேயாகும். சுழலிக்குப் புலத்தின் மீது பிடி தருவது அதன் உலோகத்தில் ஓடும் தூண்டு மின்னோட்டம். கருந்துளையின் விளிம்பில் நிகழும் என எதிர்பார்த்த ஒன்று, பொறியாளர்களின் கையில் நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றென ஒருவரும் பெயர் சூட்டவில்லை.

கண்ணாடிக் கூண்டு

ஒருமுறை பெருகித் திரும்பிய அலையை மீண்டும் கருந்துளைக்கே அனுப்பினால்? 1972ஆம் ஆண்டு பிரஸ்ஸும் டியுகோல்ஸ்கியும் இவ்வினாவை எழுப்பினர். சுழலும் கருந்துளையைச் சுற்றி அலைகளைத் திருப்பும் கண்ணாடிக் கூண்டு ஒன்றை அமைத்தால், அலை கண்ணாடிக்கும் கருந்துளைக்கும் இடையே சென்று சென்று மீளும். ஒவ்வொரு முறையும் பெருகும். இறுதியில் கூண்டு அதனைத் தாங்காது உடையும். இதற்கு அவர்கள் ‘கருந்துளை வெடிகுண்டு’ எனப் பெயரிட்டனர்.

அத்தகைய கூண்டை எவரும் கட்டப்போவதில்லை. ஆனால் இயற்கையே அதனைக் கட்டியிருக்கலாம் என்று ஐயுறுவோர் உளர். மிக மிகச் சிறிய நிறையுடைய ஒருவகைத் துகள் இருக்குமாயின், கருந்துளையின் ஈர்ப்பே அதன் அலையை அப்பால் செல்லவிடாமல் திருப்பிக் கண்ணாடியாக நிற்கும். 10 சூரியன்களின் நிறையுடைய கருந்துளைக்கு ஏற்ற துகளின் நிறை, எலக்ட்ரானின் நிறையில் ஏறத்தாழ ஆயிரம் கோடி கோடியில் ஒரு பங்கு. எந்தத் துகள் முடுக்கியாலும் இதனைப் பிடிக்க இயலாது. ஆனால் அத்துகள் உண்டெனில் அதன் அலை கருந்துளையைச் சுற்றி முகில்போல் வளர்ந்து, அதன் சுழற்சியை உறிஞ்சிவிடும். ஆகவே விரைந்து சுழலும் பழைய கருந்துளை ஒன்றைக் கண்டால், அதற்கு ஒத்த நிறையுடைய துகள் இல்லை எனத் துணியலாம். ஈர்ப்பு அலைக் கருவிகளும் இம்முகிலைத் தேடி வருகின்றன. இதுவரை எதுவும் அகப்படவில்லை.

விண்ணில் அகப்படாத அது ஆய்வகத்தில் சிறுவடிவில் அகப்பட்டது. அலுமினிய உருளையைச் சுழற்றிய அதே ஆய்வாளர்கள், பெருகிய புலம் வெளியேறாமல் உருளைக்கே திரும்புமாறு மின்சுற்றை அமைத்து, அதன் முடிவை 2025ஆம் ஆண்டு வெளியிட்டனர். வெளியிலிருந்து எந்த அலையும் அனுப்பப்படவில்லை. சுற்றில் எப்போதும் உள்ள மெல்லிய இரைச்சலே விதையாகி, உருளையின் சுழற்சியை உண்டு தானாக வளர்ந்தது. அந்த இரைச்சல் வெப்பத்தினால் வருவது. வெற்றிடத்தின் துடிப்பிலிருந்தே அலை எழும் என்று செல்டோவிச் கூறிய பகுதி இன்னும் அளக்கப்படவில்லை. அதற்கு வெப்ப இரைச்சல் அடங்குமளவுக்குக் குளிர்ந்த சூழலில் உருளையைச் சுழற்ற வேண்டும். அதற்கான முயற்சியே ஆய்வாளர்களின் முன் அடுத்து நிற்பது.